சிவப்புச் செங்கல் முகத்தை ஒட்டி வைக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஏ-9 வீதியோரம் வவுனியாவிலிருந்து பரந்தன் வரைக்கும், உள்ளே மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கங்களிலும் புதிதாக எழும்பும் வீடுகள் சிலவற்றின் முன்பக்கம் சிவப்பாகி வருகிறது. புளொக் கல்லால் கட்டி, சீமெந்து பூசி, அதன்மேல் அரை அங்குலத் தடிப்பில் செங்கல் நிற ரைல்ஸ் ஒட்டுகிறார்கள். முன்னால் மூன்று முகமாகத் தள்ளி நிற்கும் ஒரு யன்னலும், கூரையில் புகை வராத ஒரு புகைபோக்கியும் வைத்துவிட்டால் அது 'லண்டன் மொடல்'. ஈஸ்ட் ஹாமிலோ வோல்தம்ஸ்ரோவிலோ ரூட்டிங்கிலோ இருக்கும் பிள்ளைகள் தாங்கள் குடியிருக்கும் வீட்டைப் படம் பிடித்து அனுப்ப, இங்கே தகப்பனும் மேசனும் அந்தப் படத்தைப் பார்த்துக் கட்டுகிறார்கள். அந்த ஆசையில் பிழையில்லை, அது உண்மையிலேயே அழகான வீடு. ஆனால் அந்த அழகு முழுவதும் கட்டிய விதத்திலிருந்து வந்தது. அந்த விதத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எடுப்பதால் வரும் நட்டத்தைச் சொல்லவும், அந்த வீட்டிலிருந்து வன்னி உண்மையாகவே எடுத்துக்கொள்ளக் கூடியவற்றைச் சொல்லவுமே இதை எழுதுகிறோம்.

லண்டனிலுள்ள அந்த வீடுகளில் பலவும் விக்ரோறியா காலத்து வீடுகள். விக்ரோறியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையான காலத்தில் இங்கிலாந்தின் நகரங்கள் தொழிற்சாலைகளாலும் ரயிலாலும் பெருத்தன. தொழிலாளருக்கும் எழுதுவினைஞருக்கும் வரிசை வரிசையாக வீடு தேவைப்பட்டது. செங்கல்லுக்கு 1784 இல் போட்ட வரி 1850 இல் எடுபட்டது. யன்னல் வரி அடுத்த வருடம் போனது. 1858 இல் ஹொஃப்மன் என்பவர் அணையாமல் ஓடும் சூளைக்கு உரிமம் பெற்றார். அதன் ஒரு அறையில் கல் வேகும்போது இன்னொன்றில் ஆறும், வேறொன்றில் பச்சைக் கல் அடுக்கப்படும். கல் மலிந்தது, ரயில் அதை எங்கும் கொண்டுபோனது. 1875 இன் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் 1877 இல் வந்த மாதிரித் துணைவிதிகள், புது வீதிக்கு 36 அடி அகலமும் வீட்டின் பின்னால் குறைந்தது 150 சதுர அடி திறந்த வெளியும் கேட்டன. படங்களில் தெரியும் அந்த நேரான வீதிகளும் ஒரே மாதிரியான வீடுகளும் பெரும்பாலும் இந்த விதிகளால் வந்தவை.

கல்லின் சிவப்பு, களியில் உள்ள இரும்பின் நிறம். லண்டனின் சொந்தக் கல் மஞ்சள். 1870களில் இருந்துதான் அங்கே சிவப்பு நாகரிகமானது. அப்போதும் பல தெருக்களில் வீதியைப் பார்க்கும் முகம் மட்டும் நல்ல சிவப்புக் கல். பின்பக்கம் மலிவான மஞ்சள் கல். ஆகவே முன்பக்கத்துக்கு மட்டும் செலவழிப்பது லண்டனிலும் இருந்த வழக்கம்தான். ஆனால் அந்த முன்பக்கக் கல் சுவரின் ஒரு பாகமாக நின்று பாரம் தாங்கியது, ஒட்டி வைத்ததல்ல.

சுவரைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அந்த வீடுகளின் வெளிச்சுவர் 9 அங்குலத் தடிப்பான முழுக்கல் சுவர், நடுவில் இடைவெளி இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு கல் நீளம் தெரியக் கிடக்கும், அடுத்தது தலை மட்டும் தெரிய உள்ளே நுழைந்து கிடக்கும். இதற்குப் பிளெமிஷ் கட்டு என்று பெயர். தலைக்கல் சுவரின் முழுத் தடிப்பையும் கடந்து உள்முகத்தைத் தொடுவதால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பிணைகின்றன. மூலைக்கு வரும்போது முதல் தலைக்கல்லுக்குப் பக்கத்தில், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த ஒரு கல்லை வைப்பார்கள். அதை வைத்தால்தான் மேல்வரி மூட்டு கீழ்வரி மூட்டிலிருந்து இரண்டேகால் அங்குலம் விலகும். அதை மறந்தால் மூட்டுகள் நேருக்கு நேர் வந்து சுவர் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

இந்தக் கட்டு வர வேண்டுமானால் கல்லின் நீளம், இரண்டு அகலமும் ஒரு மூட்டும் சேர்ந்த அளவாக இருக்க வேண்டும். இலங்கைத் தர நிர்ணயம் சொல்லும் 220 × 105 × 65 மில்லிமீற்றர் கல்லும் 10 மில்லிமீற்றர் மூட்டும் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஊர்ச் சூளைக் கல் சிறிதாகவும் ஏறுமாறாகவும் வரும். லொறியை இறக்க முன் இரண்டு கல்லை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாக வைத்து, அவற்றின் மேல் குறுக்காக ஒரு கல்லை வைத்துப் பாருங்கள். இரு பக்க ஓரமும் நேராக வந்தால் கட்டலாம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை வெவ்வேறு கல்லை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கணக்கு இது: மேற்படி அளவுக் கல்லில் 100 சதுர அடி 9 அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ 1080 கல் போகும். உடைவு, கழிவுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 1200 எடுக்கலாம். சுவருக்குப் போகும் அந்த 1080 இல் வெளிமுகத்தில் தெரிவது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 720 அளவில். மிச்சம் உள்ளே பூச்சுக்குள் மறைவதால் நிறம் குறைந்த கல் போதும். விக்ரோறியா காலத்து ஒப்பந்தக்காரர் சிலர் இந்த 720 இலும் களவு செய்தார்கள். தலைக்கல்லை இரண்டாக உடைத்து இரண்டு தலையாகக் காட்டினால் நல்ல கல்லில் கால்வாசி மிச்சம். வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் வெளிமுகத்துக்கும் உள்முகத்துக்கும் பிணைப்பு இல்லாமல் போய், நூறு வருடத்துக்குப் பிறகு முன்சுவர் வயிறு தள்ளுகிறது. இன்று லண்டனில் அதை உருக்குக் கம்பி போட்டு இழுத்துப் பிடிக்கிறார்கள். அங்கேயே முகத்தையும் உடம்பையும் பிரித்ததால் வந்த வினை இது. ஒட்டின ரைல்ஸுக்கு அந்தளவு காலமும் வேண்டாம்.

ரைல்ஸ் ஏன் கழன்று விழுகிறது? மேற்கு வெயிலில் சிவப்பு ரைல்ஸ் கையால் தொட முடியாதபடி சுடும். பின்னால் உள்ள பூச்சும் புளொக் கல்லும் அந்தளவு சூடேறாது. ஒன்று விரிய மற்றது விரியாமல் இழுபடுகிறது. நாள்தோறும் இது நடக்க, ஒட்டு விடுகிறது. பெரும்பாலும் பசையை முழு முதுகுக்கும் பரவித் தடவாமல் நாலைந்து பொட்டாக வைத்து அமத்துகிறார்கள். அந்தப் பொட்டுகளுக்கு இடையிலுள்ள வெறுமைக்குள் மார்கழி மழை இறங்கி நிற்கும். தட்டிப் பார்த்தால் டொக் டொக்கென்று வெறுஞ்சத்தம் கேட்கும் இடமெல்லாம் அப்படிப் பின்னால் வெறுமை உள்ள இடம். ஏற்கனவே ஒட்டியவர்கள் செய்யக்கூடியது, வாசலுக்கும் நடைபாதைக்கும் மேலுள்ளவற்றை முதலில் தட்டிப் பார்த்து, சத்தம் மாறியவற்றைக் கழற்றி, பின்பக்கம் முழுவதும் பசை தடவித் திரும்ப வைப்பதுதான்.

வன்னிக் களியில் நல்ல கல் வராது என்று சிலர் சொல்வது சரியல்ல. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை நடந்த மண் இது. பிழை பெரும்பாலும் சூளையில். விறகுச் சூளையில் ஓரத்து அடுக்கு வேகாது, நெருப்புக்குக் கிட்ட உள்ளது உருகி வளையும். நடு அடுக்குத்தான் வெளிமுகத்துக்குரிய கல். இரண்டு கல்லைத் தட்டினால் வெண்கலச் சத்தம் வரவேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. ஒரு கல்லை நிறுத்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் போட்டு, துடைத்துத் திரும்ப நிறுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் கூடினால் அதை வெளியில் வைக்காதீர்கள். குளத்துக் களியில் நத்தைச் சிப்பியும் சுண்ணாம்புக் கட்டியும் கிடக்கும். அரிக்காமல் பிசைந்து சுட்டால் அவை நீறாகி, முதல் மழையில் ஊதிக் கல்லின் முகத்தைக் குழி குழியாகத் தள்ளிவிடும். ஊறப்போட்ட கல்லில் வெள்ளைப் புள்ளி வெடித்தால் அந்தச் சூளைக் கல்லை முழுதாகவே விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது சாந்து. இதுதான் எங்கள் முக்கியமான முறைப்பாடு. விக்ரோறியா வீட்டுச் சாந்து பெரும்பாலும் சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று. கல்லைவிட மென்மையானது. சுவர் அசைந்தால் மூட்டு அசைந்து கொடுக்கும். சுவருக்குள் போன ஈரம் மூட்டு வழியாகவே வெளியேறும். தேய்ந்தால் மூட்டு தேயும், கல் நிற்கும். பிற்காலத்தில் வந்தவர்கள் அந்த மூட்டைச் சுரண்டிச் சீமெந்து அடைத்தார்கள். ஈரம் கல் வழியாக வெளியேறத் தொடங்கியது. பனிக்காலத்தில் அது உறைந்து விரிந்து கல்லின் முகத்தைச் செதில் செதிலாகக் கழற்றியது. வன்னியில் பனி இல்லைத்தான். ஆனால் முல்லைத்தீவு, பூநகரிக் கரையோரங்களில் அந்த வேலையை உப்புச் செய்யும். ஈரத்தோடு ஏறின உப்பு, கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் கல்லின் தோலுக்குப் பின்னால் பரலாகி உள்ளிருந்து தள்ளும். வெளியே தெரியும் வெள்ளைப் பூப்பு அதன் முதல் அறிகுறி.

ஆகவே வெளிமுகச் செங்கல்லுக்கு ஒன்றுக்கு ஐந்து சீமெந்துச் சாந்தை விட்டு, சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலவுங்கள். சுண்ணாம்புத் தூளை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்துக் களியாக்கிக் கலந்தால் சாந்து வெண்ணெய் மாதிரி இழுபடும். அத்திவாரத்தில், டி.பி.சிக்கு (நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் படைக்கு) கீழே, சீமெந்து கூடிய சாந்துதான் வேண்டும். கடல் மணல் வேண்டவே வேண்டாம். ஆற்று மணலையும் ஒரு போத்தலில் பாதிக்குப் போட்டு, உப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மூன்று மணித்தியாலம் வையுங்கள். மேலே படியும் சேறு, மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் கழுவிப் பாவிக்க வேண்டும். கல்லை முதலே நனைக்க வேண்டும், ஆனால் சொட்டச் சொட்ட வைக்கக்கூடாது. காய்ந்த கல் சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிச் சாந்தைப் பொடியாக்கும். சொட்டும் கல் வழுக்கிச் சாந்தை முகத்தில் வடியவிடும். ஒரு நாளைக்கு நாலடிக்கு மேல் கட்டாதீர்கள். சாந்தில் பெருவிரலை அமத்தி அடையாளம் மட்டும் விழும் பதத்தில், வளைத்த அரை அங்குலக் கம்பியால் மூட்டை இழுத்து இறுக்குங்கள். அழகுக்கென்று மூட்டை ஆழமாகச் சுரண்டினால் ஒவ்வொரு வரியும் மழைநீர் தங்கும் தட்டாகும். முகத்தில் பட்ட சாந்தை அன்றைக்கே ஈரச் சாக்கால் துடையுங்கள். பிறகு அசிட் ஊற்றிக் கழுவும் நிலை வரக்கூடாது. ஒரு கிழமை சுவரை நனைத்து வையுங்கள். இவ்வளவும் செய்த சுவருக்குப் பூச்சு வேண்டாம், பெயின்ற் வேண்டாம். மினுக்கத்துக்காக வார்னிஷ் அடிப்பதும் கூடாது, அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

வரைபடத்திலேயே ஒரு விடயம் முடிவாக வேண்டும். நாலு வரி ஓரடி. யன்னல், கதவு உயரங்களை மூன்று அங்குலத்தின் மடங்கிலும், அகலங்களையும் இடைச்சுவர்களையும் நாலரை அங்குலத்தின் மடங்கிலும் போட்டால் கல் வெட்டாமல் வந்து சேரும். புளொக் கல் வீட்டுப் பிளானை எடுத்துச் செங்கல்லில் கட்டினால் ஒவ்வொரு யன்னல் ஓரத்திலும் துண்டுக் கல்தான். லண்டன் வீட்டின் ஒழுங்கு கண்ணுக்கு ஏன் இதமாக இருக்கிறது என்று கேட்டால், அங்கே எல்லா அளவும் கல்லிலிருந்து பிறந்திருப்பதால்தான்.

யன்னலும் அப்படியே. உயரம் அகலத்தின் இரண்டு மடங்குக்குக் கிட்ட. கீழும் மேலுமாக வழுக்கும் இரண்டு சட்டங்கள். பக்கப் பெட்டிக்குள் கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டுகள். மேற்சட்டத்தின் குண்டுகள் சட்டத்தைவிடச் சற்றுப் பாரம் கூட, கீழ்ச்சட்டத்துடையவை சற்றுக் குறைவு. அதனால் இரண்டும் தானாக மூடி நிற்கும். மேலும் கீழும் கொஞ்சம் திறந்தால் சூடான காற்று மேலால் போக, குளிர்ந்தது கீழால் வரும். இந்தப் பொறியை இங்கே செய்யச் சொல்லவில்லை. இரட்டைக் கதவு மர யன்னலும் மேலே காற்றுக் கண்ணும் அதே வேலையைச் செய்யும். எடுக்க வேண்டியது உயர்ந்து ஒடுங்கிய வடிவத்தையும், நிலை வெளிச்சுவரிலிருந்து நாலரை அங்குலம் உள்ளே தள்ளி நிற்பதையும். அந்த உள்வாங்கலின் நிழல்தான் சுவரின் தடிப்பைக் காட்டுகிறது. மழையிலிருந்து நிலையைக் காப்பதும் அதுவே. ஆறடி அகல அலுமினிய யன்னலைச் சுவர் முகத்தோடு சமமாக வைத்துவிட்டுச் சுற்றிவர ரைல்ஸ் ஒட்டினால் எந்த வீடும் லண்டன் வீடாகாது.

யன்னலுக்கு மேலுள்ள வளைவை முன் நாலரை அங்குலத்தில் செங்கல்லாலும், பின் நாலரை அங்குலத்தில் கொன்கிறீற் லின்டலாலும் (திறப்புக்கு மேல் பாரம் தாங்கும் குறுக்குத் துலாம்) செய்யலாம். மூன்றடித் திறப்புக்கு நடுவில் நாலு அங்குல எழும்பல் போதும். கல் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் நடுவில் ஒரு கல் வந்து பூட்டும். வளைவைத் தாங்கி நிற்கும் சென்ரறிங்கை ஒரு கிழமைக்கு முன் இளக்க வேண்டாம். லண்டனில் பின்பக்கத்தில் மர லின்டல் வைத்தார்கள். ஈரம் பட்டு அது உக்க, மேலுள்ள சுவர் இறங்கி வளைவு பிளக்கிறது. யன்னலின் கீழ்ப் படிக்கல் சுவரைவிட்டு இரண்டு அங்குலம் வெளியே நிற்க வேண்டும். அதன் அடியில் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே அரை அங்குலத் தவாளிப்பு ஒன்று ஓட வேண்டும். தண்ணீர் அதைத் தாண்டாமல் கீழே சொட்டும். வடகீழ்ப் பருவ மழையை முகத்தில் வாங்கும் வடக்கு, கிழக்குச் சுவர்களில் யன்னலுக்குக் கீழே கறுப்புக் கோடு இறங்கியிருந்தால், இந்தத் தவாளிப்பு இருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள்.

முன்தள்ளிய யன்னலைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அது அந்த வீட்டின் அழகும் நோவும். பல வீடுகளில் அதற்கு ஆழம் குறைந்த அத்திவாரம் போட்டார்கள். லண்டன் களி கோடையில் சுருங்கும், மழையில் ஊதும். பிரதான சுவர் அசையாதிருக்க யன்னல் மட்டும் இறங்கி, இரண்டும் சேரும் கோட்டில் மேலிருந்து கீழாக வெடிக்கும். 1976 இன் கடும் வரட்சியில் அங்கே ஏராளமான வீடுகள் இப்படி வெடித்தன. முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கறுத்தக் களியும் அதே குணம் கொண்டது, இன்னும் மோசமாகவே. அங்கே முன்தள்ளிய யன்னல் வேண்டுமென்றால் அதன் அத்திவாரம் வீட்டின் அத்திவாரத்தோடு ஒரே ஆழத்தில், ஒரே கம்பிக் கூட்டில் ஓட வேண்டும். செலவு கூடும். அந்தக் காசுக்கு எட்டடி விறாந்தை ஒன்று போடுவதே எங்கள் ஆலோசனை.

நிலத்து ஈரத்துக்கு அவர்கள் சுவரின் அடியில் ஸ்லேற் கல்லை மூட்டு விலக்கி இரண்டு அடுக்காக வைத்தார்கள். பலகைத் தரைக்குக் கீழே காற்றோட, சுவரில் துளையுள்ள கல் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் முற்றத்தை உயர்த்தி இரண்டையும் மூடினார்கள், தரை மரம் உக்கியது. வன்னியில் இதே பிழை கிரவலால் நடக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து வருடாவருடம் முற்றத்தில் கிரவல் கொட்டி, தார் பூசிய டி.பி.சி நிலத்துக்குள் போய்விடுகிறது. வெளி நிலம் எப்போதும் அதற்கு ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும்.

கூரை, புகைபோக்கி இரண்டையும் அங்கேயே விட்டுவிடுங்கள். லண்டனில் ஒவ்வொரு அறையிலும் கணப்பு இருந்தது, அந்தப் புகைக்குழாயே அறையின் காற்றையும் இழுத்தது. இங்கே பொய்ப் புகைபோக்கி கூரையில் ஓட்டை போட்டு ஒழுக்கு வாங்குவதுதான். முன்சுவரை உயர்த்திக் கூரையை மறைக்கும் பாணியும் வேண்டாம். வெளிமுகச் செங்கல்லுக்கு இரண்டரை, மூன்றடி தாழ்வாரம் கட்டாயம்.

ஆனால் தொடர் வீட்டின் பொதுச்சுவரை எங்கள் பசார்க் கடைத்தொடர்கள் அப்படியே எடுக்க வேண்டும். 1666 இல் லண்டன் எரிந்ததற்குப் பின்வந்த கட்டட விதிகள் இரு வீட்டுக்கு இடைச்சுவரைச் செங்கல்லால், பிற்பாடு கூரைக்கு மேலும் உயர்த்திக் கட்டச் சொன்னது நெருப்பு தாண்டாமல் இருக்கத்தான். இங்கே பல கடைத்தொடர்களில் இடைச்சுவர் சீலிங்கோடு நின்றுவிடுகிறது; அதற்கு மேலே பத்துக் கடைக்கும் ஒரே கூரைவெளி. ஒரு கடையில் வயர் பற்றினால் மற்றவற்றுக்கு வழி திறந்திருக்கிறது. பிரதேச சபைகள் பிளான் அங்கீகரிக்கும்போது இடைச்சுவர் ஓடு வரைக்கும் போகிறதா என்பதை வெட்டுமுகப் படத்தில் கேட்க வேண்டும். ஏற்கனவே கட்டியவர்களுக்கு, கூரைக்கும் இடைச்சுவரின் தலைக்கும் இடையிலுள்ள அந்த முக்கோணத்தைச் செங்கல்லாலோ புளொக் கல்லாலோ அடைப்பது மேசனுக்குச் சில நாள் வேலை.

கடைசியாக, வன்னியில் எஞ்சியிருக்கும் பழைய செங்கல் கட்டடங்கள். பழைய பாடசாலை, ஆலய மடம், குளக்கட்டு மதகு என்று சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை இன்னும் உண்டு. திருத்த வேலை என்றதும் அவற்றின்மேல் சீமெந்து பூசாதீர்கள். முதலில் ஒரு மூட்டைப் பழைய ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிந்து வந்தால் அது சுண்ணாம்பு. ஒரு துளி எலுமிச்சம் புளி விட்டால் மெல்ல நுரைக்கவும் செய்யும். அப்படியானால் மூட்டை முக்கால் அங்குல ஆழத்துக்குக் கையால் சுரண்டி, தூசி தட்டி, நனைத்து, சுண்ணாம்பு ஒன்று மணல் மூன்று சாந்தை அடைத்து, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு கிழமை காக்க வேண்டும். கிரைண்டர் வைத்து வெட்டினால் கல்லின் ஓரம் போய்விடும். போன ஓரம் திரும்ப வராது. லண்டனில் இப்படியான வீடு வாங்கியிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இதே முறைதான்.

இப்படிக்கு,
கட்டட வரைஞர்களும் மேசன்மாரும் சிலர்,
கிளிநொச்சி.